எட்டாவது ஈர்க்குச்சி

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதை, ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு விளக்குமாற்றைக் கையில் எடுத்த பிறகு நடந்ததில் ஒரு சம்பவத்தை இப்போது சொல்கிறேன்.

“இந்த நீளத்துல ஒரு பேனாவ எவனுமே செஞ்சதில்ல.”

கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர், நாங்கள் மஹத்தயா என்று கூப்பிடுகிறவர், இதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் ஈர்க்குச்சியை மேசைமேல் போட்டார். அது உருண்டு போய் மைக்கூட்டில் முட்டி நின்றது.

எங்கள் தோட்டத்து ஆபீஸ். எஹலியகொடையிலிருந்து மேலே ஏறும் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட கட்டடம். மேசைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தை நடத்தும் துரை உட்கார்ந்திருந்தார். கம்பெனி மாறிய பிறகு வந்த இளம் துரை, சிங்களவர். பக்கத்தில் பெரிய கிளாக்கர். துரை வாய்க்குள் சிரித்தார். கிளாக்கர் வாய் விட்டுச் சிரித்தார்.

“போ புள்ள, போய்த் தேத்தண்ணிக் கோப்பைய கழுவு. வெளக்குமாத்துக் குச்சிய வச்சிக்கிட்டு கணக்குச் சொல்ல வந்துட்டா” என்றார் கிளாக்கர்.

நான் போனேன். கோப்பைகளைக் கழுவினேன். ஆனால் அந்தக் குச்சியை விட்டுவிட்டுப் போகவில்லை. மைக்கூட்டுப் பக்கத்திலிருந்து எடுத்து, மற்றக் குச்சிகளின் கட்டோடு சேர்த்து, இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனேன்.

அந்த ஆபீசில் ஆறேழு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே நான் எதிர்த்து வாய் திறந்த முதல் நாள் அதுதான்.

சனிக்கிழமை வேலை

மழைநாளில் வழுக்கி விழுந்து முழங்கால் போன பிறகு என்னால் மரத்துக்கு மரம் மேடு பள்ளம் ஏறி இறங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் வீரய்யா தோட்டத்துத் தப்பால்காரர். தினமும் டவுனுக்கு நடந்து போய்த் தபால் பையைத் தூக்கி வருகிறவர். அவர் போய்க் கேட்டதால்தான் ஆபீஸ் கூட்டும் வேலை எனக்குக் கிடைத்தது.

கூட்டுவது, தேத்தண்ணி வைப்பது, சன்னல் துடைப்பது. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு வேலை கூடுதல். பேனா கழுவுவது.

துரை மேசையில் ஒரு நீளமான மரத்தட்டு இருந்தது. பச்சைத் துணி ஒட்டிய தட்டு. அதில் எட்டு மைப்பேனா. வெள்ளைக்காரத் துரைமார் ஒருவர் பின் ஒருவராக விட்டுப்போனவை என்று சொல்வார்கள். எல்லாரும் குமிழ்முனைப் பேனாவுக்கு மாறிய பிறகும், செக்ரோல் என்ற பெரிய சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவும் கொழும்புக்குக் கடிதம் எழுதவும் அந்தத் தட்டிலிருந்துதான் எடுப்பார்கள். அது ஒரு கெத்து.

மை காய்ந்தால் பேனா செத்துப் போகும். வெந்நீர் ஆறி வெதுவெதுப்பாக வரும்போது நிப்பை அதில் வைத்து, பக்கத்தில் இருக்கும் சின்ன நாக்கைத் தூக்கித் தூக்கி விட வேண்டும். தண்ணீர் உள்ளே போய் நீலமாக வெளியே வரும். வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. அதன் பிறகு மை ஒற்றும் தாளில் வரிசையாகப் படுக்க வைத்துக் காய விடுவேன்.

கழுவக் கழுவ எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பேனா செய்கிறவர்கள் ஒரே முகத்தில் இரண்டு மூன்று செய்கிறார்கள். நிறம் ஒன்று, கிளிப் ஒன்று, மூடியில் ஓடும் தங்க வளையம் ஒன்று. உயரம்தான் வேறு. அக்கா, தங்கச்சி, கடைக்குட்டி மாதிரி.

தனியாக மேசையில் கிடந்தால் எந்தப் பேனாவும் பெரியதாகத்தான் தெரியும். கண் பொய் சொல்லும். அதிலும் கடைக்குட்டிப் பேனாவில் அக்காவின் வளையத்தையே போட்டிருப்பார்கள். உடம்பு சின்னது, வளையம் அதே அகலம். அதனால் அது இன்னும் தடிப்பாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை வெளியே வரும்.

தட்டில் பழுப்பு நிறத்தில் அப்படி இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். ஒரு தடவை தங்கச்சியின் மூடியை அக்காவுக்குப் போடப் பார்த்து அழுத்திவிட்டேன். மூடியின் வாயில் மயிர் மாதிரி ஒரு கீறல் விழுந்தது. பெரிய கிளாக்கர் அன்றைக்குப் பேசிய பேச்சை எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு இங்கிலீசு தெரியாது. அஞ்சாம் வகுப்போடு சரி, அதுவும் தமிழ் மட்டும். பேனா உடம்பில் பொறித்த எழுத்தும் பாதி தேய்ந்து போயிருந்தது.

என்னிடம் இருந்தது விளக்குமாறுதான். அதிலிருந்து எட்டு நல்ல ஈர்க்குச்சியை உருவினேன். காய வைத்த ஒவ்வொரு பேனாவின் பக்கத்திலும் ஒன்றைப் படுக்க வைத்து, அதே நீளத்துக்கு நகத்தால் கிள்ளி முறித்தேன். பழுப்புக்குப் பழுப்பு நூல், பச்சைக்குப் பச்சை நூல் என்று பேனாவின் நிறத்திலேயே நூல் சுற்றினேன். எட்டையும் கட்டி, விளக்குமாறு வைக்கும் அறையின் கதவு நிலைக்கு மேலே செருகி வைத்தேன்.

பிறகு மூடி மாறவே இல்லை. ஈர்க்குச்சியைப் பக்கத்தில் வைத்தால் அவரவர் இடத்துக்கு அவரவர் போய்விடுவார்கள்.

எட்டாவது குச்சிக்குக் கறுப்பு நூல். அதுதான் தட்டிலேயே பெரிய பேனா. கறுப்பு உடம்பு, தங்க வளையம். அதை முதல் தடவை கையில் எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இவளுடைய தங்கச்சி எங்கள் வீட்டில் இருக்கிறாளே என்று.

எங்கள் வீட்டுப் பேனா

தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன்னால் நடந்தது இது. மண் சரிந்து பாதை அடைபட்டிருந்த ஒரு நாள். என் வீட்டுக்காரர் தபால் பையைத் தலையில் கட்டிக்கொண்டு, பள்ளத்து வழியாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறி வந்து சேர்ந்தார். பையில் துரைசானிக்கு, அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்கு, ஒரு தந்தி இருந்தது. அவருடைய தாய்க்கு உடம்பு சுகப்பட்டுவிட்டது என்ற சேதி.

துரைசானி அழுதாராம். கைப்பையைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்து நீட்டினாராம். கறுப்பு உடம்பு, தங்க வளையம், கையகலத்துக்கு ஒரு பேனா.

நாங்கள் குடியிருக்கும் லயத்தில் கேலி பண்ணினார்கள். “என்னா வீரய்யாண்ணே, பொம்பளப் பேனாவ குத்திக்கிட்டுத் திரியிறீங்க?”

“என் சட்டப் பையும் சின்னதுதான்டா. ஒனக்கு வேணும்னா ஒலக்கைய குத்திக்க” என்பார் அவர்.

ஊருக்குப் போனவர்களுக்கு இங்கே இருக்கிறவர்கள் கடிதம் எழுதிய காலம். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் பாதிப் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் லயத்தில் மட்டும் ஏழு வீடு காலி. உறையில் விலாசத்தைத் தப்பாக எழுதினால் கடிதம் போய்ச் சேராது. அதனால் எல்லாரும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு எழுத்தாக, கோழி கொத்துகிற மாதிரித் தலையைக் குனிந்து எழுதுவார். யோசனை வந்தால் பேனாவின் அடியைக் கடிப்பார்.

அந்தச் சின்னப் பேனாவால் எழுதிய உறைகள் எத்தனை கடலைத் தாண்டிப் போயின என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தது ஒன்றுகூட இல்லை என்று மட்டும் தெரியும்.

ஒரு நாளைக்கு

தோட்டங்களைக் கம்பெனிகளுக்குக் கொடுத்த காலம் வந்தது. புதுக் கம்பெனிக்காரர்கள் வந்து மேசை, நாற்காலி, தராசு, கத்தி எல்லாவற்றையும் லிஸ்ட் எடுப்பார்கள் என்றார்கள்.

அதற்கு முந்தின வாரம் தட்டில் ஏழு பேனாதான் இருந்தது. பெரிய கறுப்புப் பேனாவைக் காணவில்லை. கழுவ நின்றவள் நான்தான், பழி என்மேல்தான் விழும். “ஐயா, ஒண்ணு கொறயுதுங்க” என்றேன்.

“எனக்குத் தெரியும். ஒன் வேலயப் பாரு” என்றார் பெரிய கிளாக்கர்.

மறுநாள் அவர் எங்கள் லயத்துக்கு வந்தார். கிளாக்கர்மார் லயத்துக்கு வருவது கிடையாது. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றார். நான் உள்ளே அடுப்படியில் நின்று கேட்டேன்.

“வீரய்யா, ஒங்கிட்ட ஒரு கறுத்தப் பேனா இருக்கில்ல? ஒரு நாளைக்கு குடு. கம்பெனிக்காரன் எண்ணிட்டுப் போனதும் தந்துர்றேன்.”

“அது சின்னதுங்களே ஐயா.”

“அவனுக்கென்னடா தெரியும்? கறுப்பு, தங்க வளயம், எட்டு. அவ்வளவுதான் லிஸ்டுல இருக்கு.”

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். எதிர்த்துப் பேசத் தெரியாத எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இரண்டு ஊமைகள் ஒரு வீட்டில் இருந்தால் இப்படித்தான்.

கம்பெனிக்காரர் வந்து எண்ணினார். எட்டு என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. என் வீட்டுக்காரர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

“என்ன பேனா?” என்றார் பெரிய கிளாக்கர்.

அதோடு முடிந்தது. அடுத்த வருடம் நெஞ்சு நோவு வந்து என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பேனாவைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை. ஆனால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. வெறும் பை.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டுக்காரர் பேனாவை என் கையாலேயே கழுவி, என் கையாலேயே துடைத்து, கம்பெனித் தட்டில் எட்டாவதாக வைத்தேன். அதன் அடியில் அவர் கடித்த தடம் இருந்தது. விரலால் தடவுவேன். காட்டலாம்தான். ஆனால் செத்தவர் பல்லுக்கு யார் சாட்சி?

புத்தகமும் அடிமட்டமும்

கொழும்பு மஹத்தயா கம்பெனியின் பெரிய ஆளுக்கு வேண்டியவர். பழைய பேனா சேர்ப்பதுதான் அவருக்குப் பைத்தியம். எங்கள் தோட்டத்துத் தட்டை அவருக்குக் கொடுத்துவிடும்படி மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் துரையின் பங்களாவில் தங்கி, மறுநாள் காலை தட்டோடு கிளம்புவதாக ஏற்பாடு.

என்னைக் கூப்பிட்டுக் கடைசியாக ஒரு தடவை கழுவச் சொன்னார்கள். கழுவிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணித் தட்டோடு ஓரத்தில் நின்றேன்.

மஹத்தயா சட்டைப் பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றையும் அடிமட்டத்தையும் எடுத்தார். ஒவ்வொரு பேனாவையும் மூடியைப் போட்டு அளந்தார். புத்தகத்தைப் பார்த்தார். பெயர் சொன்னார். துரைக்கு அதிசயம். “எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார்.

“எழுத்து தேஞ்சிடும், நெறம் மங்கிடும், நிப்ப மாத்திடுவாங்க. நீளத்த மட்டும் யாராலயும் மாத்த முடியாது” என்றார் மஹத்தயா.

இந்தக் கதை எனக்குத் தெரியுமே! இதைத்தானே நானும் இத்தனை வருடமாகச் செய்கிறேன்!

எட்டாவதை எடுத்தார். அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். “இது சின்ன அளவு. பொம்பளங்க கைப்பைக்குன்னு செஞ்சது. ஆபீஸ் தட்டுல எப்படி வந்துச்சு?”

தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

“அது எங்க வீட்டுக்காரரோடதுங்க.”

மூன்று பேரும் திரும்பினார்கள். பெரிய கிளாக்கர் முகம் மட்டும் ஒரு கணம் வெளுத்து, பிறகு சிவந்தது.

சிங்களத்திலேயே சொன்னேன். இங்கே இதே மாதிரிப் பெரிய பேனா ஒன்று இருந்தது, அது போய்விட்டது, எண்ணிக்கைக்காக எங்களுடையதை வாங்கி வைத்தார்கள் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“சாட்சி?” என்றார் துரை.

ஓடிப்போய் ஈர்க்குச்சிக் கட்டைக் கொண்டுவந்து வைத்தேன். கறுப்பு நூல் குச்சியை மட்டும் மஹத்தயா உருவினார். அடிமட்டத்தில் வைத்தார். ஆறே முக்கால் அங்குலம். புத்தகத்தைப் புரட்டினார். இந்தச் சாதியில் பெரிய பேனா ஐந்தரை அங்குலம்தான். அதற்கு மேலே கிடையாது.

அப்போதுதான் நான் முதலில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார். அப்போதுதான் கிளாக்கர் வாய் விட்டுச் சிரித்தார்.

கை செய்த வேலை

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மழை கொட்டியது. ஈர்க்குச்சிகளைப் பாயில் பரப்பினேன். எட்டு குச்சி. நானே கிள்ளி முறித்த எட்டு குச்சி. எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. கூடுதலாக முறித்துவிட்டேனா? ஒரு அங்குலத்துக்கு மேலா தவறியிருப்பேன்?

விட்டுத்தொலை என்று ஒரு மனசு சொன்னது. பேனா போகட்டும். அவரே போய்விட்டார்.

இன்னொரு மனசு விடவில்லை. நாளைக் காலை அந்தத் தட்டு கொழும்புக்குப் போய்விடும். யார் வீட்டிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரும். என் வீட்டுக்காரர் பல் பட்ட பேனாவுக்குக் கீழே எந்த வெள்ளைக்காரத் துரையின் பேரையோ எழுதி வைப்பார்கள். அதற்குப் பிறகு கேட்க ஆளும் இல்லை, இடமும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். சனிக்கிழமை வேலையைக் கையாலேயே செய்து பார்த்தேன். வெறுங்கைதான். மூடியைத் திருகி எடுக்கிறேன். நிப்பைத் தண்ணீரில் வைக்கிறேன். நாக்கைத் தூக்குகிறேன். துணியால் துடைக்கிறேன். தாளில் படுக்க வைக்கிறேன். அதற்கு முன்னால்...

அதற்கு முன்னால் என் இடது கை தானாக மூடியை எடுத்துப் பேனாவின் வாலில் செருகியது.

கழுவிய நிப்பு காயாமல் மூடியைப் போட்டால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். மூடியைத் தனியாக வைத்தால் உருண்டு போகும், மாறிப் போகும். அதனால் நிப்பைத் திறந்து விட்டு, மூடியைப் பின்னால் மாட்டி வைப்பேன். நான் காயும் பேனாவைத்தான் அளந்தேன். மூடிய பேனாவை அளக்கவே இல்லை!

அவர் புத்தகம் சட்டைப் பையில் இருக்கும் பேனாவை அளக்கிறது. என் ஈர்க்குச்சி வாலில் மூடியோடு கிடக்கும் பேனாவை அளக்கிறது. புத்தகமும் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை.

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்னாக்கா, சொகமில்லயா?” என்றாள்.

முன்வாசல்

மறுநாள் காலை பங்களாவுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் பின்னாலிருக்கும் குசினிப் பக்கமாகத்தான் போவது வழக்கம். நான் ஈர்க்குச்சிக் கட்டோடு முன்வாசல் படியில் ஏறினேன்.

பங்களா அப்பு ஓடி வந்தார். சமையல் பார்க்கும் வயசான சிங்களவர், என்மேல் இரக்கம் உள்ளவர். “செல்லம்மா, பின்னால வா, தொரை பாத்தா ஏசுவாரு.”

“ஏசட்டும் அப்பு. இன்னைக்கி இந்தப் பக்கம்தான்.”

வராந்தாவில் துரையும் மஹத்தயாவும் இடியப்பம் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பேனாத் தட்டு மேசைமேல் இருந்தது. பெரிய கிளாக்கர் கையெழுத்துக்காக லிஸ்டை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். எட்டுப் பேனா.

“திரும்பவுமா?” என்றார் கிளாக்கர். “தொரை, இவளுக்குப் புருசன் செத்ததுலருந்து புத்தி கொஞ்சம்...”

“புத்தி இருக்கானு அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். என் வாயா அது என்று எனக்கே தெரியவில்லை.

மஹத்தயா பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னேன். “மூடிய வால்ல போட்டு அளங்க. ஒரு குச்சிய இல்ல, எட்டையும். மொத ஏழும் சரியில்லன்னா நானே தட்டைத் தூக்கிட்டு வந்து ஒங்க கார்ல வைக்கிறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைப் பார்த்தார். “பொட்டக் இன்ன” என்று துரையிடம் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, முதல் பேனாவின் மூடியைக் கழற்றி வாலில் மாட்டினார். பக்கத்தில் பச்சை நூல் குச்சி.

முனைக்கு முனை ஒட்டி நின்றது.

இரண்டாவது. மூன்றாவது. பழுப்புச் சகோதரிகள் இரண்டு பேரும். மஹத்தயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். ஏழாவது வரை ஒரு நூல் அளவுகூடப் பிசகவில்லை.

எட்டாவதற்கு மூடியை மாட்டி வைத்தார். ஈர்க்குச்சி ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

மஹத்தயா தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய சொந்தப் பேனாவை எடுத்தார். கறுப்பு உடம்பு, தங்க வளையம். எங்கள் வீட்டுப் பேனாவின் அக்கா! மூடியைக் கழற்றி வாலில் மாட்டி, என் எட்டாவது ஈர்க்குச்சிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் ஒரே நீளம்.

“ஹரி... ஹரி...” என்றார். சரிதான் என்று அவருக்கு அவரே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

“யாராவது சொல்லிக் குடுத்து நேத்து ராத்திரி முறிச்சிருப்பா” என்றார் பெரிய கிளாக்கர்.

“ஐயா, நேத்தே இந்தக் குச்சிய இந்த மஹத்தயாவே அளந்தாரு. ஆறே முக்கால்னாரு. அப்ப நீங்க சிரிச்சீங்க. தட்டுல இல்லாத பேனாவோட நீளத்த நான் எங்கயிருந்து கொண்டு வருவேன்?”

கிளாக்கர் மெதுவாக, “பெரிய பேனா எங்க போச்சுன்னு எனக்கெப்பிடித் தெரியும்?” என்றார்.

“அத நான் கேக்கலயே. எங்க பேனாவத்தான் கேக்குறேன்.”

பெரிய பேனா எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊகித்து எழுத மாட்டேன். தெரியாததைச் சொல்லி ஒருவர் பேரைக் கெடுப்பது கிளாக்கர் எனக்குச் செய்த வேலை. நான் செய்ய மாட்டேன்.

துரை நல்லவர், ஆனால் பயந்தவர். “இப்ப எட்டும் போகட்டும். நான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு அனுப்பி வைக்கிறேன்” என்றார்.

“ஒரு நாளைக்குன்னு சொல்லித்தான் தொரை இதுவும் போச்சு” என்றேன்.

மஹத்தயா தன்னுடைய பெரிய பேனாவை நீட்டினார். அதை நான் எடுத்துக்கொள்ளட்டும், சின்னது தட்டிலேயே இருக்கட்டும், அதைவிட இது மதிப்புக் கூடியது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மனசார நீட்டினார்.

“பெருசு எனக்கெதுக்குங்க? அது ஒங்களோடது. இது எங்களோடது.”

சொல்லிவிட்டுத் தட்டில் கையை வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. எடுத்து, மூடியைத் திருகி, முந்தானையில் துடைத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். அடியில் விரலை வைத்தேன். தடம் இருந்தது.

“லிஸ்டுல எட்டுன்னு இருக்கே” என்றார் கிளாக்கர், துரையைப் பார்த்து.

“ஏழுன்னு எழுதுங்க” என்றேன்.

துரை தலையை ஆட்டினார். கிளாக்கர் லிஸ்டில் எட்டை வெட்டி ஏழு போட்டார். துரை பக்கத்தில் கையெழுத்து வைத்தார். கீழே காரை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. என்னைப் போகலாம் என்று கையைக் காட்டினார்கள்.

நான் போகவில்லை. நாளைக்கு இன்னொரு கம்பெனி வரும், இன்னொரு துரை வருவார். அவர்கள் வந்து இந்தப் பேனா உனக்கு ஏது என்று கேட்டால்?

“எனக்கு ஒரு துண்டு எழுதித் தாங்க. தமிழ்ல. நான் வாசிக்கணும்.”

பெரிய கிளாக்கர் துரையைப் பார்த்தார். துரை வேறு பக்கம் பார்த்தார். கிளாக்கர் ஒரு தாளை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்.

எனக்கு வேகமாக வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தேன். மஹத்தயா படியில் இறங்கப் போனவர் நின்றார். அப்பு கதவுக்குப் பின்னால் நின்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று நானும் மெதுவாகவே வாசித்தேன்.

‘ஆபீஸ் கூட்டும் செல்லம்மாவுக்குத் தோட்டத்தால் ஒரு பேனா அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது.’

தாளை மேசைமேல் திருப்பி வைத்தேன்.

“இது பிழைங்க. அன்பளிப்பு இல்ல. தப்பால்காரர் வீரய்யாகிட்ட வாங்கின பேனா, அவரு சம்சாரத்துக்கிட்டத் திருப்பிக் குடுத்ததுன்னு எழுதுங்க.”

கிளாக்கர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ‘அன்பளிப்பாக’ என்ற சொல்லின்மேல் கோடு போடக் குனிந்தார்.

“வெட்டாதீங்க ஐயா” என்றேன். “வேற தாள் எடுங்க.”